பேட்டர்ன் எது, வார்ப்பு எது?

கேள்வி: வணக்கம் அண்ணா. கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஒன்பது பேர் இருக்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு லாட் கணக்கும் ஜாப் ஒர்க் கணக்கும் பார்க்கும் மென்பொருள் எங்களுடையது. அதில் லேபிள் பிரிண்டரில் தமிழை அச்சிடும் பகுதியை மட்டும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு திறமூலமாக, அதாவது நிரலை யாரும் படிக்கவும் திருத்தவும் முடியும்படி, கிட்ஹப் என்ற பொது இணையதளத்தில் வெளியிட்டோம். அன்றாட வேலை முழுவதும் அலுவலகத்துக்குள் இருக்கும் கிட்லேப் என்ற நிரல் சேமிப்பு சர்வரில் நடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான் அந்தக் கோப்புகளைக் கையால் எடுத்து வெளியே போடுகிறேன். 'கொ', 'கோ' ஆகியவை உடைந்து அச்சாவதை வெளியிலிருந்து ஒருவர் திருத்தி அனுப்பினார். கிட்ஹப்பில் இணைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான் போட்ட நகல் அதை அழித்துவிட்டது. மறுபடியும் அனுப்பினார், மறுபடியும் அழிந்தது. மூன்றாம் முறை அழிந்த பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. போன மாதம் டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்த ஒரு கோப்பும் வெளியே போய்விட்டது. அன்றிரவே நீக்கிவிட்டேன். இதையெல்லாம் தானியங்கியாக மாற்றும்படி முதலாளி சொல்கிறார். இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்றாக இருக்க எந்தக் கருவியைப் போடலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, கோப்பை அன்றிரவே நீக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கடவுச்சொல்லை மாற்றியதாக எழுதவில்லை. மாற்றவில்லை என்றால் இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்துங்கள். மாற்றிவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

கிட் என்பது நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கருவி; கிட்ஹப், கிட்லேப் இரண்டும் அதன் மேல் நடப்பவை. அதில் ஒரு கோப்பை நீக்குவது என்பது, இனிமேல் இந்தக் கோப்பு இல்லை என்று புதிய கமிட் (பதிவு செய்யப்பட்ட மாற்றம்) ஒன்றைச் சேர்ப்பதுதான். முந்தைய கமிட்டில் கோப்பு அப்படியே இருக்கும். வரலாற்றில் பின்னோக்கிப் போகத் தெரிந்த யாரும் அதைத் திறந்து பார்க்கலாம். கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் வரலாற்றையே திருத்தி எழுத முடியும். ஃபில்டர்-பிராஞ்ச் என்ற பழைய கட்டளையை விட்டுவிட்டு இதைப் பயன்படுத்தும்படி கிட்டின் ஆவணமே சொல்கிறது. ஆனால் அதற்குள் யாராவது ஃபோர்க் செய்திருந்தால், அதாவது தங்கள் கணக்குக்கு நகலெடுத்திருந்தால், அந்த நகல் உங்கள் கைக்கு எட்டாது. கமிட் எண்ணை வைத்திருப்பவருக்குப் பழைய பக்கம் கிட்ஹப்பிலேயே தெரியவும் கூடும். பொதுவெளியில் விழும் சாவிகளையும் கடவுச்சொற்களையும் பொறுக்கியெடுப்பதற்கென்றே நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. இரண்டாவது, அந்த டேட்டாபேஸுக்குள் அந்த நாட்களில் யார் நுழைந்தார்கள் என்று பதிவுகளைப் பார்ப்பது. வரலாற்றைச் சுத்தம் செய்வது மூன்றாவது. அதை மட்டும் செய்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எந்தக் கருவி என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களுக்கு நேர்ந்த இரண்டு துன்பங்களும் கருவி இல்லாததால் வந்தவை அல்ல. நீங்கள் வெள்ளிக்கிழமை கையால் செய்வதை அப்படியே ஒரு ஸ்கிரிப்டாக எழுதி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால், அந்த நண்பரின் திருத்தம் ஒரு வாரம் கழித்து அழிவதற்குப் பதிலாக ஐந்து நிமிடத்தில் அழியும். கடவுச்சொல்லும் அதே வேகத்தில் வெளியே போகும்.

நான் வளர்ந்தது கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில். தெருவுக்கு ஒரு பவுண்டரி இருந்த காலம். பம்புக்கான வார்ப்பு ஒன்றில் ஓரிடத்தில் தடிப்பு அதிகமாக இருந்தால், வேலை தெரியாத பையன் அரத்தை எடுத்து அந்த வார்ப்பை ராவத் தொடங்குவான். மேஸ்திரி தடுப்பார். ராவினால் இந்த ஒன்று சரியாகும். நாளைக்கு வரும் வார்ப்பிலும் அதே தடிப்பு இருக்கும், ஏனென்றால் பிழை, அச்சை உருவாக்கும் மாதிரியான பேட்டர்னில் இருக்கிறது. பேட்டர்னைத் திருத்தினால் அதிலிருந்து வரும் எல்லா வார்ப்பும் சரியாக வரும். உங்கள் கதையில் கிட்ஹப்பில் இருப்பது வார்ப்பு, கிட்லேப்பில் இருப்பது பேட்டர்ன். அந்த நண்பர் வார்ப்பைத் திருத்தித் தந்தார். நீங்களும் வார்ப்பிலேயே அதை இணைத்தீர்கள். பேட்டர்னை யாரும் தொடவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமைதோறும் பழைய பிழை புதிதாக வார்க்கப்பட்டு வந்தது.

இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையை இதனால்தான் கைவிடச் சொல்கிறேன். ஒன்று மூலம், மற்றது அதிலிருந்து உருவாவது. இந்த முடிவை எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் கருவியைப் பற்றிப் பேச முடியும். கூகுள் தன் தேவைக்காக உருவாக்கித் திறமூலமாக வெளியிட்ட காப்பிபாரா என்ற கருவி இதே வேலையைச் செய்கிறது. களஞ்சியங்களில், அதாவது நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடங்களில், ஒன்றை அதிகாரபூர்வ மூலமாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று அதன் அறிமுகமே நிபந்தனை வைக்கிறது. ஃபேஸ்புக்கும் தன் உள் களஞ்சியத்திலிருந்து வெளியே அனுப்ப எஃப்பிஷிப்இட் என்றும், வெளியிலிருந்து உள்ளே கொண்டுவர இம்போர்ட்இட் என்றும் தனித்தனிக் கருவிகளை எழுதியது. போகும் வழி வேறு, வரும் வழி வேறு என்பதை அந்தப் பெயர்களே சொல்கின்றன.

சரி, உங்களுக்கு எது மூலமாக இருக்க வேண்டும்? இதற்கு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பேசினாலும் தகும். லேபிள் அச்சிடும் பகுதியில் ரகசியம் எதுவும் இல்லை, அது மற்ற மென்பொருளோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் என்றால், உள்ளே ஒரு நகல் வைத்திருக்கவே தேவையில்லை. வேலையை முழுக்கக் கிட்ஹப்பிலேயே செய்யுங்கள். உங்கள் மென்பொருள் அதை மற்ற நூலகங்களைப் போல ஒரு பதிப்பு எண்ணோடு எடுத்துக்கொள்ளட்டும். ஒத்திசைவு என்ற வேலையே மறைந்துவிடும். முடிந்தவர்கள் இந்த வழியையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இல்லாத இயந்திரம் பழுதாவதில்லை.

ஆனால் லாட் கணக்கில் ஒரு புலத்தைச் சேர்க்கும் அதே கமிட்டில் லேபிளின் அமைப்பையும் மாற்றுவது உங்கள் வழக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்பது பேர் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அப்படியென்றால் உள்ளே இருப்பதே மூலம். அதன் பிறகு ஒரு விதியைக் கடுமையாகப் பிடிக்க வேண்டும்: கிட்ஹப்பில் இணைப்புப் பொத்தானை நீங்கள் உட்பட யாரும் அழுத்தக் கூடாது. முதன்மைக் கிளையில் (மாற்றங்களின் முக்கிய வரிசையில்) கருவியைத் தவிர வேறு எவரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். வாய்மொழி விதி அவசர நாளில் நிற்காது, பூட்டு நிற்கும்.

கிட்லேப்பிலேயே களஞ்சியத்தை அப்படியே நகலெடுக்கும் மிரர் வசதி இருக்கிறதே என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். இருக்கிறது. வெளியே தள்ளும் மிரர் இலவசப் பதிப்பிலேயே உண்டு; வெளியிலிருந்து இழுக்கும் மிரருக்குத்தான் கட்டணம். ஒரு களஞ்சியத்தை முழுதாக, ஒரு வரியும் மாற்றாமல் வெளியே வைக்க அது போதும். உங்களுக்குப் போதாது, ஏனென்றால் களஞ்சியத்தின் ஓர் அடைவை மட்டும் வெளியே அனுப்பும்படி அதற்குச் சொல்ல முடியாது. மாற்றங்களை வெளியே அனுப்பும் புஷ் கட்டளையில் மிரர் என்ற விருப்பத்தைச் சேர்ப்பதும் வேண்டாம். அந்த விருப்பம் இங்கே இருப்பதை அங்கே அனுப்புவதோடு நிற்காது, இங்கே இல்லாததை அங்கே அழிக்கும். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இதை நானே கண்டேன். வாடிக்கையாளர் ஒருவருக்காக வெளிக் களஞ்சியத்தில் மட்டும் திறந்திருந்த ஒரு கிளை, நான் இரவில் ஓடவிட்ட மிரர் புஷ்ஷில் போய்விட்டது. ஊருக்குப் போயிருந்த சக ஊழியர் ஒருவரின் மடிக்கணினியில் அதன் நகல் இருந்ததால் மீட்டோம். அவர் திரும்பி வரும்வரை இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிட் சப்ட்ரீ என்று இன்னொரு வழி உண்டு. வெளியே போக வேண்டியது எல்லாம் ஒரே அடைவுக்குள் இருந்து, அதில் எதையும் மாற்ற வேண்டாம் என்றால், அந்த அடைவின் வரலாற்றை மட்டும் தனிக் கிளையாகப் பிரித்து அனுப்பலாம். எளிய வழி. ஆனால் கமிட் குறிப்புகளையும் ஆசிரியர்களின் முகவரிகளையும் அது அப்படியே கொண்டுபோகும். திருப்பூருக்கு வேலை செய்யும் உங்களுக்கு அதில்தான் ஆபத்து என்பதைக் கீழே சொல்கிறேன். எல்லாவற்றையும் எடைபோட்டால் உங்களுக்குக் காப்பிபாராதான் பொருந்தும். ஜாவாவில் எழுதப்பட்ட கருவி, பேசல் என்ற இன்னொரு கருவி கொண்டு கட்டமைக்க வேண்டும், ஸ்டார்லார்க் என்ற சிறிய மொழியில் அமைப்புக் கோப்பை எழுத வேண்டும். இரண்டு மூன்று நாட்கள் கண் எரியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சாயப்பட்டறைக்குத் துணி போகும் முறையை உங்கள் வாடிக்கையாளர்களிடம் பார்த்திருப்பீர்கள். டெலிவரி சலான் இல்லாமல் ஒரு ரோல்கூடக் கேட்டைத் தாண்டாது. எதெல்லாம் போகக் கூடாது என்ற பட்டியலைக் காவலாளியிடம் யாரும் கொடுப்பதில்லை. சலானில் எழுதியது போகும், எழுதாதது நிற்கும். உங்கள் அமைப்புக் கோப்பையும் இப்படியே எழுதுங்கள். காப்பிபாராவில் மூலத்திலிருந்து எந்தெந்தக் கோப்புகள் எடுக்கப்பட வேண்டும் என்று சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. பலரும் அங்கே 'எல்லாம், இவை நீங்கலாக' என்று எழுதுகிறார்கள். நாளைக்கு ஒருவர் புதிதாக ஒரு கோப்பைச் சேர்ப்பார். விலக்குப் பட்டியலில் அதன் பெயர் இருக்காது. வெளியே போய்விடும். போன மாதம் உங்களுக்கு நேர்ந்தது இதுவே. 'இந்த அடைவு, இந்த வகைக் கோப்புகள், இவை மட்டும்' என்று எழுதினால், புதிய கோப்பு வெளியே போக ஒருவர் நினைத்துப் பார்த்துப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். மறந்தால் வெளியே கோப்பு குறையும், பில்ட் உடையும், யாராவது சொல்வார்கள். அந்தப் பக்கம் தவறுவதில் பெரிய நட்டமில்லை.

இதோடு சேர்ந்த இன்னோர் இடம் இருக்கிறது, புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். வெளிக் களஞ்சியத்தில் எந்தக் கோப்புகளைக் கருவி ஆளலாம் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும். கருவியின் ஆளுகைக்குள் இருந்து, மூலத்தில் இல்லாத கோப்பைக் கருவி அழித்துவிடும். வெளிக் களஞ்சியத்துக்கு மட்டுமே உரிய கோப்புகள் உங்களிடமும் இருக்கும்: கிட்ஹப்பில் சோதனைகளை ஓட்டும் கோப்பு, புதியவர்களுக்கான வழிகாட்டி, ரீட்மீ. அவற்றை அந்த ஆளுகையிலிருந்து விலக்கி வையுங்கள். இல்லையென்றால் முதல் ஓட்டத்திலேயே அவை காணாமல் போகும்.

கடவுச்சொற்களைக் கண்டுபிடிக்கும் கருவியையும் வழியில் நிறுத்துங்கள். கிட்லீக்ஸ் நல்லது. 2024 முதல் கிட்ஹப் தன் பொதுக் களஞ்சியங்களுக்கு வரும் புஷ்களைத் தானாகவே சோதித்து, தெரிந்த வகைச் சாவிகள் இருந்தால் தடுக்கிறது. ஆனால் அது பெரிய சேவைகளின் சாவி வடிவங்களை அறியும். உங்கள் டேட்டாபேஸுக்கு நீங்களே வைத்த கடவுச்சொல் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. அது கடைசி வலை. முதல் காவல் சலான்தான்.

இனி, உங்கள் தொழிலுக்கே உரிய ஆபத்து. நிரலைவிட, நிரலைச் சுற்றியிருக்கும் பேச்சில்தான் ரகசியம் அதிகம். 'இன்ன பையரின் ஆர்டருக்காக ஸ்டைல் எண்ணின் நீளத்தைக் கூட்டினேன்' என்று உங்களில் ஒருவர் கமிட் குறிப்பு எழுதியிருப்பார். உள்ளே அது நல்ல குறிப்பு. வெளியே போனால், எந்த பனியன் கம்பெனி எந்த வெளிநாட்டு பையருக்குத் தைக்கிறது என்பது போட்டியாளர் கண்ணில் படும். பையரின் பெயரைத் திருப்பூரில் எவ்வளவு காத்துவைப்பார்கள் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த ஒரு வரியால் உங்கள் வாடிக்கையாளருக்கு ஒரு சீசனே கைநழுவலாம். சோதனைக் கோப்புகளையும் திறந்து பாருங்கள். மாதிரி லேபிள் என்று உண்மையான லாட்டின் விவரத்தையே அப்படியே ஒட்டியிருப்பார்கள், விலையோடு. சோதனைக்கென்று கற்பனையான தரவை ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடுங்கள். இந்த வேலையை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாது.

கமிட் குறிப்புக்குக் காப்பிபாராவில் ஸ்க்ரப்பர் இருக்கிறது. குறிப்பில் இன்ன அடையாளத்துக்குள் இருக்கும் பகுதி மட்டும் வெளியே போகட்டும், அடையாளமே இல்லாவிட்டால் பொதுவான ஒரு வரி போகட்டும் என்று அதற்குச் சொல்லிவிடலாம். இங்கும் சலான் முறைதான். எழுதியவர் 'இது பொது' என்று குறித்தது மட்டும் போகும். உங்கள் ஆட்களின் அலுவலக முகவரிகளுக்குப் பதிலாகப் பொது முகவரிகள் போகும்படி ஆசிரியர் பெயர்களையும் மாற்றி அமைக்கலாம். முகவரியை மறைக்க விரும்புவோருக்குக் கிட்ஹப்பே ஒரு மாற்று முகவரி தருகிறது.

கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கி அனுப்புவதா, ஒவ்வொன்றாக அனுப்புவதா? சுருக்கினால் கசிவதற்கான இடம் குறையும். அதனால் பலரும் அதையே பரிந்துரைக்கிறார்கள். நான் உங்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பும் முறையைச் சொல்கிறேன். காரணம் அந்த நண்பர். பத்து கமிட்டுகள் ஒன்றாகச் சுருங்கும்போது அவர் பெயர் கரைந்துபோகும். சம்பளம் வாங்காமல் உங்களுக்கு வேலை செய்து கொடுத்தவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி, வரலாற்றில் அவர் பெயர் நிற்பது. அதையும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

அவர் திருத்தம் உள்ளே வரும் வழியைப் பார்ப்போம். வெளியே ஒருவர் புல் ரிக்வெஸ்ட், அதாவது தன் திருத்தத்தை இணைத்துக்கொள்ளும்படி கோரிக்கை, அனுப்புகிறார். அங்கே நீங்கள் படிக்கலாம், கேள்வி கேட்கலாம், நன்றி சொல்லலாம், இணைக்கக் கூடாது. காப்பிபாராவில் இதற்கென்று தனி முறை இருக்கிறது. அந்தப் புல் ரிக்வெஸ்ட்டை எடுத்து, மாற்றங்களைத் தலைகீழாகச் செலுத்தி, உங்கள் கிட்லேப்பில் ஒரு கிளையாக வைக்கும்படி அமைக்கலாம். தலைகீழாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெளியே அனுப்பும்போது அடைவுகளின் பெயரை மாற்றியிருப்பீர்கள், சில சொற்களைப் பதிலீடு செய்திருப்பீர்கள். உள்ளே வரும்போது அவை மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்ப முடியாத பதிலீடு இருந்தால் இந்த முறையில் கருவி தானே சோதித்துச் சொல்லிவிடும். இரண்டு வேறு சொற்களை வெளியே ஒரே சொல்லாக மாற்றினால் திரும்பும்போது எது எதுவென்று அதற்குத் தெரியாது. ஆகவே பதிலீடுகளைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறுக்கு மேல் போனால் நிரலின் அமைப்பையே சரிசெய்ய வேண்டும் என்று பொருள்.

உள்ளே வந்த கிளையை உங்களில் ஒருவர் வரி வரியாகப் படிக்கட்டும். படித்து முடிக்கும்வரை உங்கள் சர்வரில் சோதனைகளை ஓட்டாதீர்கள். முகம் தெரியாத ஒருவரின் நிரலை அலுவலக நெட்வொர்க்குக்குள் ஓட்டுவது, யாரென்று கேட்காமல் கேட்டைத் திறந்துவிடுவதற்குச் சமம். பொதுக் களஞ்சியங்களுக்குச் சொந்த ரன்னர்களை, அதாவது சோதனைகளை ஓட்டும் கணினிகளை, கட்டிவிட வேண்டாம் என்று கிட்ஹப்பும் இதே காரணத்துக்காகத்தான் எச்சரிக்கிறது. படித்துத் திருப்தியான பிறகு சோதியுங்கள், உள்ளே இணையுங்கள். அடுத்த ஓட்டத்தில் அது அவர் பெயரோடு வெளியே போகும். வெளியே அவருடைய புல் ரிக்வெஸ்ட் இணைக்கப்பட்டது என்று காட்டாமல், மூடப்பட்டது என்று காட்டக்கூடும். தெரியாதவருக்கு அது நிராகரிப்பாகத் தோன்றும். எந்தக் கமிட்டில் அவர் வேலை சேர்ந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள். இந்த நடைமுறையை வழிகாட்டிக் கோப்பிலும் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். 'சைன்ட்-ஆஃப்-பை' என்று பங்களிப்பவர் எழுதும் வரியை உங்கள் ஸ்க்ரப்பர் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் அது. இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று கொடுப்பவர் தரும் உறுதிமொழி. உங்கள் விற்பனை மென்பொருளுக்குள் அந்த நிரல் போகிறது என்பதால் அந்த வரி உங்களுக்கு வேண்டும்.

அவர் அனுப்பிய திருத்தம் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். யூனிகோடில் 'ொ' என்ற குறியை ஒரே எழுத்தாகவும் எழுதலாம், 'ெ' குறியையும் 'ா' குறியையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு பைட்டுகள். அச்சிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் சில இடங்களில் எழுத்து உடையும். தமிழ் தெரிந்தவர், ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தவர்தான் இதைக் கண்டுபிடித்திருப்பார். தையல் மேசையில் இருக்கும் பெண்கள் தங்கள் மொழியில் லேபிளைப் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்பதற்காக யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து செய்த வேலை அது. அந்த வேலை மூன்று முறை அழிந்ததை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

எதுவரை அனுப்பியாயிற்று என்று கருவிக்கு எப்படித் தெரியும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். காப்பிபாரா தனக்கென்று எந்தப் பதிவேடும் வைத்துக்கொள்வதில்லை. வெளியே எழுதும் ஒவ்வொரு கமிட்டின் குறிப்பிலும், இது உள்ளே இன்ன கமிட்டிலிருந்து வந்தது என்று ஒரு வரியைப் பொறிக்கிறது. கிட்ஆரிஜின்-ரெவ்ஐடி என்று அதற்குப் பெயர். சலானில் இருக்கும் லாட் எண் மாதிரி. அடுத்த முறை ஓடும்போது வெளியே கடைசியாக எந்த எண் இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பின் வந்தவற்றை மட்டும் அனுப்பும். கருவி ஓடும் கணினி எரிந்துபோனாலும் வேறு கணினியிலிருந்து அப்படியே தொடரலாம். இரு பக்கமும் ஒன்றையொன்று எழுப்பிவிட்டு ஒரே கமிட் முடிவில்லாமல் சுற்றிவரும் கோளாறையும் இந்த எண் தடுக்கிறது. முதல் ஓட்டத்தில் வெளியே எந்த எண்ணும் இருக்காது. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அந்த ஒரு முறை நீங்கள் சொல்ல வேண்டும். அன்று இரண்டு பக்கமும் உண்மையிலேயே ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நண்பரின் திருத்தத்தை அதற்கு முன்பே உள்ளே சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் நான்காவது முறையும் அழியும்.

கருவியை எங்கே ஓட்டுவது? உங்கள் கிட்லேப்பின் உள் ரன்னரில். உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே எதுவும் எட்டக் கூடாது. கிட்ஹப்பின் தானியங்கி வசதியான ஆக்‌ஷன்ஸில் ஓட்டினால் உங்கள் உள் களஞ்சியத்தின் சாவியைக் கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டியிருக்கும். அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. நேரக் கணக்கு முன்னிருப்பாக உலக நேரத்தில் போகும், நம் மாலை 6.30 என்றால் 13.00 என்று எழுத வேண்டும். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் நேர அட்டவணையை அது தானே நிறுத்தியும் விடும். கிட்லேப்பில் நம் நேர மண்டலத்தையே தேர்ந்தெடுக்கலாம். கிட்ஹப்புக்கான சாவியாக உங்கள் சொந்தக் கணக்கின் சாவியைக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் டிப்ளாய் சாவியைச் செய்துகொள்ளுங்கள். நீங்கள் வேலையை விட்டுப் போனாலும் அது வேலை செய்யும், திருடு போனாலும் சேதம் அந்த ஒன்றோடு நிற்கும்.

புஷ் மறுக்கப்பட்டால் கருவி நின்று உங்களைக் கூப்பிட வேண்டும். வலுக்கட்டாயப் புஷ் இந்த ஸ்கிரிப்டில் எங்கும் இருக்கக் கூடாது. மறுக்கப்பட்டது என்றால் வெளியே யாரோ எதையோ எழுதியிருக்கிறார்கள், அது யாரென்று பார்க்காமல் மேலே எழுதுவது நீங்கள் வெள்ளிக்கிழமை செய்த அதே தவறு. ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டங்கள் மோதாமலிருக்கக் கிட்லேப்பில் ரிசோர்ஸ் குரூப் என்ற அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். கருவி பிழை காட்டி நிற்பதைவிட, சத்தமில்லாமல் ஓடாமலே கிடப்பதுதான் கெடுதல். உள்ளே அந்த அடைவில் கடைசியாக நடந்த மாற்றத்துக்கும் வெளியே கடைசியாக இருக்கும் எண்ணுக்கும் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் அஞ்சல் வரும்படி சிறிய சோதனை ஒன்றை வேறொரு கணினியில் வைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் கிட்ஹப்புக்கே அனுப்ப வேண்டாம். வெளியீட்டை ஒரு வெறும் அடைவுக்குள் எழுதும்படி காப்பிபாராவுக்குச் சொல்ல முடியும். தினமும் அந்த அடைவைத் திறந்து, போகக் கூடாத எதுவும் இருக்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். பார்ப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். அமைப்புக் கோப்பை எழுதியவர் கண்ணுக்கு அதில் உள்ள ஓட்டை தெரியாது. வாடிக்கையாளர்களோடு பேசுபவரை உட்காரவையுங்கள், பையர் பெயரை அவர் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுகொள்வார். முதலாளியிடம் இந்த இரண்டு வாரத்தை முன்னதாகவே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றியதும், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே, அந்த நண்பருக்கு எழுதுங்கள். மூன்று முறை அழிந்தது உங்கள் நகலெடுப்பால் என்றும், அவர் திருத்தத்தில் குறை எதுவும் இல்லை என்றும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். திருத்தத்தை உள்ளே சேர்த்துவிட்டு, சேர்த்தாயிற்று என்று சொல்லி அந்தக் கமிட் நாளையும் குறிப்பிடுங்கள். அவர் பெயரும் முகவரியும் வரலாற்றில் எப்படி வர வேண்டும் என்று கேட்டு, அவர் எழுதும் எழுத்துக்கூட்டலிலேயே அமைப்புக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.